மரக்காணத்தில் பேர் கூப்பிடும் நேரம்

என் கைப்பையில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பொய் நோயாளி இருந்தார். அவரை மரக்காணத்தில் இறக்கிவிடத்தான் மலேசியாவிலிருந்து கிளம்பி வந்திருந்தேன்.

கேட்பவர்களுக்கு என் வேலையைப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். ஒரு நாட்டின் கடைசிக் கிராமத்தில் ஒரு தொற்றுநோய் தலைகாட்டினால், அந்தச் செய்தி தலைநகருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. தலையணை கனத்துக்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடலாம். சுனாமி வந்துபோன மறு வருஷம், 2005, ஜூன் மாதம். அடுத்த ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருமோ என்று எல்லா நாடுகளும் பயந்துகொண்டிருந்த நேரம்.

எங்கள் குழுவில் இரண்டே பேர். தலைவர் டாக்டர் ஹென்ட்ரிக், ஹாலந்துக்காரர், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய முடியும். இன்னொருத்தி நான். தில்லியையும் சென்னையையும் முடித்துவிட்டோம். துணி போர்த்திய கணினிகள், சுவர் நிறைய வரைபடங்கள், தட்டுகளில் காத்திருக்கும் பிஸ்கட்டுகள். மதிப்பெண்ணைத் தாராளமாகவே போட்டோம். பிறகு ஹென்ட்ரிக் தமிழ்நாட்டு வரைபடத்தில் கடலோரமாக விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"உப்பு, தண்ணீர், ஒரு செல்போன் கோபுரம்கூட இல்லை. இங்கிருந்து செய்தி வந்தால் எங்கிருந்தும் வரும். ஆனால் வராது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வராது," என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

முதல் நாள் கோட்டக்குப்பத்தில் மூட்டை முடிச்சுகளை இறக்கினோம். எங்களுக்கு வாய்த்த ஜீப் ஓட்டுநர் ஜாபர் பாய் அந்த ஊர்க்காரர். "மூணு தம்பிங்க மேடம். ஒருத்தன் துபாய், ஒருத்தன் குவைத், ஒருத்தன் சவுதி. நான் மட்டும்தான் இந்த ரோட்டைக் காவல் காத்துக்கினு இருக்கேன்," என்று வண்டியைக் கிளப்பினார். ஜீப்பின் முன்பக்கத்தைத் தட்டிக் கொடுத்து, "மாஷா அல்லா, இது போகாத இடமே கிடையாதுங்க," என்றும் சொன்னார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரக்காணத்துக் கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். வடகறியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஹென்ட்ரிக் அதை எந்த இறைச்சி என்று கேட்டார். கடைக்காரரைக் கேட்டுப் பருப்பு என்றேன், நம்பவில்லை, இன்னொரு தட்டு வாங்கிப் பரிசோதித்தார். எங்கள் ஊரில் ஒரு குவளை தே தாரேக் வாங்கினால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். இங்கே டீ விரல் உயரக் கண்ணாடி டம்ளரில் வருகிறது, நின்றபடியே குடித்துவிட்டு ஓடுகிறார்கள். ஆனால் டீ நன்றாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

துணை சுகாதார நிலையம் ஒரே ஓர் அறை. குழந்தைகளை நிறுக்கும் தராசு, ஓர் இரும்பு பீரோ, போலியோ சுவரொட்டி. கிராம செவிலியர் ஸ்டெல்லா மொபெட்டில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, காலில் சேறு காய்ந்த செருப்பு. உப்பளத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் பதினோரு வருஷமாக அவர் பொறுப்பு.

வாராந்திரப் படிவங்களின் கோப்பைக் கேட்டேன். கொடுத்தார். புரட்டினேன். வயிற்றுப்போக்கு: இல்லை. காய்ச்சல்: இல்லை. அடுத்த வாரம்: இல்லை, இல்லை. ஜனவரியிலிருந்து ஜூன் வரை இல்லையோ இல்லை. இந்த வெயிலில், குடிதண்ணீருக்குக் குடம் வைத்து நிற்கும் ஊரில், ஆறு மாதமாக ஒருத்தருக்கும் வயிறு கெடவில்லையாம்.

"ஒருத்தருக்குக்கூட வரவில்லையா?" என்றேன்.

"வந்துச்சுங்க. பார்த்தேன். சரியாயிடுச்சு."

"பிறகு ஏன் எழுதவில்லை?"

"பேரு எழுதணும்னு கேட்டிருக்குதுங்க அதுல."

"எழுத வேண்டியதுதானே?"

"எழுத மாட்டேங்க," என்றார். குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோப்பு வைத்துக்கொண்டு பொய் எழுதுகிறவர்களை நான் பல நாடுகளில் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருத்தரும் இப்படி முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. கேள்வித்தாளில் அந்த வரிக்குப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டேன். பக்கத்தில், "தொடர்ந்து 'இல்லை' அறிக்கை. நம்பத்தக்கதல்ல," என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்போது என் கையெழுத்து மிகவும் அழகாகத்தான் விழுந்தது.

இரண்டாம் நாள் மதியம் அந்த அழகான கையெழுத்துக்குப் பலன் கிடைத்தது. நாங்கள் வரைவாக எழுதியதை ஹென்ட்ரிக் வழக்கப்படி முந்தின நாள் மாலையே விழுப்புரத்தில் மாவட்ட அதிகாரியிடம் காட்டியிருக்கிறார். காட்டியது விதிப்படி சரி. ஆனால் அங்கிருந்து ஸ்டெல்லாவுக்கு மெமோ வந்துவிட்டது. பொய் அறிக்கை தந்ததற்காகக் கல்வராயன் மலைப்பக்கம் ஏன் மாற்றக்கூடாது என்று வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து விளக்க வேண்டும்.

ஸ்டெல்லா மெமோவை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா மேடம்? இறால் தொக்கு கொண்டாந்திருக்கேன்," என்றார்.

நான் வெட்கப்படுவதற்கு அது போதும். கூடவே, தடுப்பூசிக்குக் குழந்தையோடு வந்திருந்த பெண் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவங்கள மாத்திட்டா நாங்க யாருகிட்டப் போவோம்? உங்ககிட்டயா?" என்று கேட்டாள். நான் டிபன் பாக்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்துக் கழுவெளி ஏரியில் பிடித்த இறால், தொக்கில் எண்ணெய் மிதந்தது. வாழ்க்கையில் இவ்வளவு ருசியான சாப்பாட்டை இவ்வளவு சங்கடத்தோடு நான் சாப்பிட்டதில்லை.

"சிஸ்டர், ஏன் பேர் எழுத மாட்டேன் என்கிறீர்கள்? எனக்காவது சொல்லுங்கள்," என்றேன்.

"வாயால சொன்னா புரியாதுங்க. நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு அளத்துக்கு வாங்க."

மூன்றாம் நாள் போனேன். ஹென்ட்ரிக் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டார். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஒத்திகை. நான் உறையைப் பிரித்து, "கடும் வயிற்றுப்போக்கு, ஒரு நோயாளி" என்ற அட்டையை ஸ்டெல்லாவிடம் கொடுக்க வேண்டும். அந்தச் செய்தி மாவட்ட அலுவலகத்துக்கு எப்போது வருகிறது என்று ஹென்ட்ரிக் அங்கே கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். ஒத்திகை ஸ்டெல்லாவுக்குத் தெரியக்கூடாது. அதில் தோற்றால் என் பூஜ்யம் நிலைத்துவிடும், மாற்றலும் நிச்சயம்.

திண்டிவனம் சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள். விடிகிற நேரத்தில் வானம் அப்படியே தண்ணீரில் கிடந்தது. வெயில் ஏறினால் உப்பு கண்ணைக் குத்தும், அதனால் விடியலிலேயே வேலையைத் தொடங்கிப் பத்துப் பதினோரு மணிக்கு முடித்துவிடுகிறார்கள். வரப்பின் மேல் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். கையில் நீளக் கழி போட்ட பலகைகள், கூடைகள். எதிரே மேஸ்திரி ஏழுமலை, தலையில் துண்டு, கையில் நோட்டு. ஸ்டெல்லா கூட்டத்தின் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கோவிந்தன்!" என்று மேஸ்திரி கூப்பிட்டார்.

"இருக்கேன்!" என்றது ஒரு பெண் குரல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேஸ்திரி தலையைத் தூக்கவே இல்லை, டிக் அடித்தார்.

"பச்சையம்மா!"

"இருக்கேன்!" இது கட்டையான ஆண் குரல், மீசையும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது நான் ஒருத்திதான். ஸ்டெல்லா மட்டும் கையைக் கட்டியபடியே ஒரு விரலை மடக்கினார். பிறகு இன்னொரு விரலை.

பேர் கூப்பிட்டு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னார். உப்பு வாரும் கூட்டத்தில் ஒரு பெயர் என்பது ஓர் இடம். மூன்று நாள் அந்தப் பெயருக்குப் பதில் வராவிட்டால், வெளியே காத்திருக்கிறவர்களில் ஒருத்தருக்கு அந்த இடம் போய்விடும். அந்தப் பருவம் முழுக்க அந்த வீடு வெறும் கையோடு உட்கார வேண்டியதுதான். அதனால் புருஷன் படுத்தால் பெண்டாட்டி வருவாள், மாமியார் படுத்தால் மருமகன் வருவான், வந்து அந்தப் பேருக்கே பதில் சொல்வார்கள். அவர்களுக்கு மாத்தாள் என்று பெயர். நோட்டில் எல்லோரும் வருஷம் முழுக்க ஆரோக்கியமாக இருப்பார்கள்.

"நான் ஒருத்தரு பேரைச் சீக்குன்னு கவர்மென்ட் காயிதத்துல எழுதிட்டேன்னு வைங்க, அது நாலு கைக்குப் போகும். அப்புறம் அந்த வீட்டு ஆளு எனக்கு வாயைத் திறப்பாங்களா? அதான் எழுதறதில்ல. தினம் காலைல வந்து குரலைக் கேப்பேன். பேரு ஒண்ணு, குரலு ஒண்ணுன்னா அந்த வீட்ல ஆளு படுத்திருக்குது. ரெண்டு மூணுன்னா நானே போய்ப் பாத்துடுவேன். நாலைத் தாண்டுனா ஆரம்ப சுகாதார நிலையம் இருக்குதே, அந்த பி.எச்.சி. டாக்டருக்கு மரக்காணம் எஸ்.டி.டி. பூத்லேருந்து போன்ல சொல்லிடுவேன். அவரு நல்லவருங்க, பேரு கேக்க மாட்டாரு."

நான் உப்பு மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியாத விஷயமா இது? நான் பிறந்து வளர்ந்தது சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட். அப்பா அங்கே கிராணி, கணக்கு எழுதுகிறவர். தினமும் விடியற்காலையில் பெரட்டு என்று ஆள் கணக்கெடுப்பு நடக்கும், அப்பாதான் பேர் வாசிப்பார். பதில் வராத பேரை ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெசரிடம் கொடுப்பார், அவர் சைக்கிளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போவார். எங்கள் ஊரில் ஆள் வராதது நோய்க்கு அடையாளம். இங்கே வேறு ஆள் வருவது அடையாளம். இவ்வளவுதான் வித்தியாசம். கிராணி மகள் இதைப் படிவத்தில் தேடி, பூஜ்யம் போட்டுவிட்டுக் கையெழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

ஒன்பதரைக்கு எல்லோரும் கேழ்வரகுக் கூழ் குடித்தார்கள். எனக்கும் ஒரு சொம்பு வந்தது, தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாத்தாள் வருவது உங்களுக்குத் தெரியுமா?" என்று ரகசியம் போலக் கேட்டேன்.

"இன்னா மேடம், எனக்குக் காது இல்லியா?" என்றார். "எனக்குப் பதில் வந்தா போதும். நர்ஸம்மாவுக்குக் குரலு போதும். அவங்க காதுல விழணும்னுதான் இவ்ளோ சத்தமாக் கூப்பிடறேன்."

கூழ் இறங்கியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஆனால் பயமும் பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லா செய்வது உண்மை. அதை நிரூபிப்பது எப்படி? நாளைக்கு நான் கொடுக்கப்போகும் அட்டையில் இருப்பதோ பேரும் வீடும் இல்லாத, குரலே இல்லாத ஒரு நோயாளி. ஸ்டெல்லா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு மேடம்? இப்படி ஒருத்தரு இங்க கிடையாதே," என்று சொல்லிவிட்டால்?

நான்காம் நாளும் ஐந்தரைக்கு அளத்தில் இருந்தேன். உறை கைப்பையில் இருந்தது. மேஸ்திரி கூப்பிடத் தொடங்கினார்.

"கோவிந்தன்!" பெண் குரல். சரி, அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"முனியம்மா!" ஆண் குரல்.

"சேகர்!" பெண் குரல்.

"அந்தோணி!" பெண் குரல்.

இப்போது நானும் விரல் மடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனது. மேஸ்திரியும் முதல் முறையாகத் தலையைத் தூக்கி ஸ்டெல்லாவைப் பார்த்தார். நோட்டை மூடியபோது ஒன்பது மாத்தாள்.

ஸ்டெல்லா கூட்டத்துக்குள் புகுந்தார். யாரிடமும் பேர் கேட்கவில்லை. "வயிறா, காய்ச்சலா?" இது மட்டும்தான். "வயிறுதாங்க." "வயிறுதான் சிஸ்டர், ராவெல்லாம்." "எந்தத் தெரு?" "கிழக்குத் தெரு." எல்லோரும் கிழக்குத் தெரு.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வரப்பிலேயே குந்தி எழுதினார். "மாத்தாள் ஒன்பது. கிழக்குத் தெரு. வயிற்றுப்போக்கு. குழாய்த் தண்ணி மேல சந்தேகம். நான் அங்கே போறேன். ஸ்டெல்லா." உப்பு ஏற்றிக் கிளம்பிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநரிடம் கொடுத்து, "பூத்ல குடுத்துடுங்கண்ணே, அவரு டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிடுவாரு," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்ச் செய்தியை உப்பு மூட்டையோடு அனுப்புவதா? "ஜீப் இருக்கிறது, நானே வேகமாகப் போய்ச் சொல்கிறேன்," என்று சீட்டில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு ஏறினேன். ஜாபர் பாய்க்கும் உற்சாகம். "குறுக்கால போயிடலாம் மேடம், அஞ்சே நிமிஷம்!"

போகாத இடமே இல்லாத அந்த ஜீப் இருநூறு அடி போனது. அதற்கு மேல் வரப்பு உள்வாங்க, வலது பக்கச் சக்கரங்கள் இரண்டும் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டன. பாய் முறுக்க முறுக்க வண்டி இன்னும் ஆழமாக உட்கார்ந்தது. எங்களைத் தாண்டி, நேர் சாலையில், உப்பு லாரி ஆடி அசைந்து போனது. மேலே உட்கார்ந்திருந்த லோடுமேன் கையாட்டினான். "யா அல்லா," என்று பாய் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாலை வரை நடந்து, அடுத்த லாரியில் ஏறி, முழங்கால் வரை சேறோடு மரக்காணம் பூத்தில் போய் இறங்கியபோது மணி ஏழே முக்கால். "அவசரம்! பி.எச்.சி.க்குப் போடுங்கள்!" என்று கத்தினேன்.

பூத்காரர் என் காலைப் பார்த்தார். "கிழக்குத் தெரு ஒம்பது மாத்தாள்தானே? ஆறரைக்கே சொல்லிட்டேனே. டாக்டரு அப்பவே கிளம்பிட்டாரு. ஆமா, நீங்க யாரு?"

நான் யார் என்று எனக்கே அந்த நிமிஷம் சரியாகத் தெரியவில்லை. விழுப்புரத்துக்குப் போட்டு ஹென்ட்ரிக்கைக் கேட்டேன். அவர் போனை எடுத்ததும் சீறினார்.

"நீ விதியை மீறிவிட்டாய்! ஒன்பது மணிக்குத்தானே உறையைப் பிரிக்க வேண்டும்? ஏழு மணிக்கே மாவட்ட அதிகாரிக்குச் செய்தி வந்துவிட்டது. அதோடு நான் போட்டது ஒரு நோயாளி. நீ எப்படி ஒன்பது ஆக்கினாய்?"

கைப்பையைத் திறந்தேன். சேறு தெறித்திருந்ததே தவிர, உறை ஒட்டியபடியே இருந்தது.

"டாக்டர், உங்கள் நோயாளி இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறார். இந்த ஒன்பது பேரும் நிஜம்."

 பூத்தின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் மெதுவாக, "கடிகாரத்தை நான் நிறுத்தவில்லை," என்றார். "இனி பார்க்கிறேன், இது எங்கே போகிறது என்று."

செய்தி எட்டேகாலுக்குச் சென்னை போயிருக்கிறது. பதினொரு மணிக்குத் தில்லியில் ஓர் அதிகாரி, மரக்காணம் எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார். வரப்பிலிருந்து தில்லி வரை ஐந்தரை மணி நேரம்.

கிழக்குத் தெருவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரின் வேன் அங்கே நின்றது. ஸ்டெல்லா வீடு வீடாகக் குடத்துத் தண்ணீரைக் கொட்டவைத்துக்கொண்டிருந்தார். குடிநீர்க் குழாயின் இணைப்பு ஒன்று சாக்கடைக்குள் விட்டுப்போயிருந்ததைப் பஞ்சாயத்து ஆட்கள் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். நானும் சேலையைச் செருகிக்கொண்டு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மாலை வரை ஊற்றிக் கொடுத்தேன். கோவிந்தனை அன்றுதான் நேரில் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது, ஆனாலும் டம்ளரை வாங்கிக்கொண்டே, "என் பேருக்கு இன்னிக்குப் பதில் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். அதற்கப்புறம்தான் குடித்தார். சாயங்காலத்துக்குள் மொத்தம் இருபது பேர் வரை படுத்தார்கள். ஒருத்தர்கூட சாகவில்லை. 

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஸ்டெல்லா மெமோவோடு விழுப்புரம் போனார், கூடவே நானும் போனேன். ஜீப்பை முந்தின நாளே உப்பள ஆட்கள் இருபது பேர் கூடித் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள்.  திண்டிவனம் தாண்டியதும் பாய், "வண்டி மேல தப்பு இல்லீங்க, வரப்புதான் ஏமாத்திடுச்சு," என்றார்.

மாவட்ட அதிகாரியின் அறையில் ஸ்டெல்லா நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் கேள்வித்தாளை மேஜையில் பிரித்து வைத்தேன்.

"ஐயா, இந்தப் பூஜ்யம் நான் போட்டது. பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமல் போட்டது. தப்பு என்னுடையது, மெமோ இவருக்கு வந்திருக்கிறது." இதைச் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க அந்தப் பூஜ்யத்தை அடித்து மூன்று போட்டேன். இந்த முறை கையெழுத்து கோணலாக வந்தது.

அதிகாரி ஹென்ட்ரிக்கைப் பார்த்தார். ஹென்ட்ரிக் எழுந்தார், மின்விசிறி இடிக்குமோ என்று எல்லோரும் பதறினோம். "மூன்றுக்கு மேல் போட இந்தத் தாளில் இடமில்லை, அதுதான் என் வருத்தம்," என்றார். "நான் நாற்பத்தெட்டு மணி நேரம் என்று பந்தயம் கட்டாத குறை. இந்தப் பெண்மணிக்குக் கணினி வேண்டாம், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டால் போதும். படிவத்தில் பேர் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். எத்தனை பேர் என்பது மட்டும் இருக்கட்டும்." நான் அதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், வெளியே நின்ற குமாஸ்தாக்களுக்கும் கேட்கட்டும் என்று.

அதிகாரி கடுமையானவர்தான், ஆனால் நியாயம் தெரிந்தவர். மெமோவைக் கையை நீட்டி வாங்கினார். குறுக்காகக் கோடு போட்டுத் தன் மேஜை இழுப்பறையில் வைத்தார். "உட்காருங்கம்மா," என்றார். "நாளைக்குக் காலைல இங்க மாவட்டத்து நர்ஸுங்க எல்லாருக்கும் பயிற்சி இருக்குது. என் ஆளுங்க பேசறதுக்குப் பதிலா நீங்களே பேசுங்க. அளத்துல இன்னா பண்றீங்களோ, அதை அப்படியே சொல்லுங்க."

ஸ்டெல்லா அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே ஒரு கவலையும் பட்டார். "சார், நாளைக்குக் காலைல பேரு கூப்பிடறப்ப நான் இங்க இருந்தா, அங்க யாரு நிப்பாங்க? கிழக்குத் தெரு இன்னும் முழுசா எழுந்திருக்கலியே."

"நான் நிற்கிறேன்," என்றேன். என் விமானம் மறுநாள் இரவுதான்.

ஆறாம் நாள், சனிக்கிழமை, ஐந்தரை மணி. ஜாபர் பாய் ஜீப்பைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, "இங்கிருந்து நடந்தே போங்க மேடம்," என்றார். ஸ்டெல்லா வழக்கமாக நிற்கும் ஓரத்தில், அவரைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நோட்டைப் பிரித்தார்.

"கோவிந்தன்!"

"இருக்கேன்!" கரகரத்த, மெலிந்த, சந்தேகமே இல்லாத ஓர் ஆண் குரல். வரப்பில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பச்சையம்மா!" பெண் குரல். "முனியம்மா!" பெண் குரல். "சேகர்!" ஆண் குரல். "அந்தோணி!" பெண் குரல், ஒரு விரல். கடைசிவரை எண்ணினேன். மொத்தம் இரண்டே விரல்கள்தான் மடங்கியிருந்தன. இரண்டும் கிழக்குத் தெருவில் வியாழனன்றே படுத்தவர்கள், புதிதாக யாரும் இல்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேர்கள் முடிந்தன. மேஸ்திரி நோட்டை மூடவில்லை. பென்சிலைப் பிடித்தபடியே, கடலுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு பேரைக் கூப்பிட்டார்.

"நர்ஸு ஸ்டெல்லா!"

ஒரு வினாடி எனக்குப் புரியவில்லை. முப்பது நாற்பது முகங்களும் என் பக்கம் திரும்பின.  புரிந்ததும், இருந்த குரலை எல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"இருக்கேன்!"

மேஸ்திரி தலையைத் தூக்கவே இல்லை. டிக் அடித்தார்.